பேசாத வகுப்பும் வாசலில் நிற்கும் வரிசையும்

கேள்வி: மேடம், வணக்கம். எனக்குச் சொந்த ஊர் திருச்சி. அமெரிக்காவில் புள்ளியியலில் முனைவர் பட்டம் முடித்துவிட்டு, இந்த ஆகஸ்ட்டில் சிங்கப்பூரில் ஒரு பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளராகச் சேர்ந்திருக்கிறேன். படிக்கும்போது நான்கு வருடம் டீச்சிங் அசிஸ்டென்ட்டாக வகுப்பெடுத்தேன். பட்டமேற்படிப்பு மாணவர்களுக்கான கற்பித்தல் பயிற்சியில் சேர்ந்து சான்றிதழும் வாங்கினேன். அங்கே என் வகுப்பு கலகலவென்று இருக்கும். இங்கே கேள்வி கேட்டால் இருபத்து நான்கு பேரும் குனிந்து லேப்டாப்பைப் பார்க்கிறார்கள். பக்கத்தில் இருப்பவரிடம் பேசுங்கள் என்றால் இரண்டு நிமிடம் முனகிவிட்டு நிறுத்திவிடுகிறார்கள். ஆறாம் வாரம் கருத்துக் கேட்டேன். "கலந்துரையாடல் போதும், பாடத்தை நடத்துங்கள்" என்று பலர் எழுதியிருக்கிறார்கள். "விடைகளை எப்போது தருவீர்கள்?" என்று இன்னும் பலர். பெயர் சொல்லிக் கூப்பிடச் சொன்னேன், யாரும் கூப்பிடவில்லை. அமெரிக்காவில் பழகிய உச்சரிப்பை இங்கே நடிப்பு என்று நினைக்கிறார்களோ என்றும் கூச்சமாக இருக்கிறது. மூத்த சகா ஒருவர், "அதெல்லாம் அந்த ஊருக்கு. ஸ்லைடைப் போட்டு நடத்திவிட்டு ஆராய்ச்சியைப் பாருங்கள்" என்கிறார். நான் கற்றுக்கொண்டது இங்கே செல்லாதா?
– பெயர் வேண்டாம், புக்கிட் பாத்தோக்

அன்புள்ள தங்கைக்கு,

எல்லாவற்றையும் எழுதியிருக்கிறீர்கள், ஒன்றைத் தவிர. வகுப்பு முடிந்த பிறகு என்ன நடக்கிறது? நீங்கள் லேப்டாப்பை மூடி வயரைச் சுருட்டும்போது யாராவது மேசைக்கு வருகிறார்களா?

வருவார்கள் என்றுதான் நினைக்கிறேன். ஏன் என்று சொல்ல என் பழைய கதையைச் சொல்ல வேண்டும்.

நான் இங்கிலாந்தில் படிக்கும்போதே கற்பித்தல் பயிற்சி எடுத்தவள். 1997ல் டியரிங் அறிக்கை வந்து, பல்கலைக்கழகத்தில் பாடம் எடுப்பவர்களுக்கும் பயிற்சி வேண்டும் என்று சொன்னபின் அங்கே அந்தப் படிப்புகள் சூடுபிடித்திருந்த காலம். அந்தச் சான்றிதழோடு 2002ல் ஊர் திரும்பி, இங்கே ஒரு டியூட்டோரியலுக்குள், அதாவது சிறு குழு வகுப்புக்குள், நுழைந்தேன். முதல் நாள் ஐம்பது நிமிடத்தில் நான் கேட்ட கேள்விகள் பன்னிரண்டு இருக்கும். வந்த பதில்கள் இரண்டு. அதில் ஒன்று, "சாரி, கேள்வியைத் திரும்பச் சொல்ல முடியுமா?" கடைசியில் "ஏதாவது சந்தேகம்?" என்றேன். ஏசிச் சத்தம்தான் கேட்டது. சரி, போகலாம் என்றேன். பையை எடுத்துக்கொண்டு நிமிர்ந்தால் என் முன்னால் ஒன்பது பேர் வரிசையில் நிற்கிறார்கள், ஒவ்வொருவர் கையிலும் பென்சிலால் வட்டம் போட்ட தாள். அவர்கள் கேட்டதெல்லாம் நல்ல கேள்விகள். வகுப்புக்குள் எதைக் கேட்க மாட்டார்களா என்று தவித்தேனோ அதே கேள்விகள். அடுத்த வகுப்புக்கு வந்து கதவோரம் காத்திருந்த வயதான சீனப் பேராசிரியர் ஒருவர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "உங்கள் டியூட்டோரியல் இப்போதுதான் தொடங்குகிறதா?" என்று கேட்டார். கிண்டல்தான். ஆனால் நான் வாங்கிய சான்றிதழ்ப் படிப்பு முழுவதிலும் அவ்வளவு உபயோகமாக ஒரு வாக்கியம் யாரும் சொல்லவில்லை.

உங்கள் வகுப்பிலும் கேள்விகள் இருக்கின்றன. நிற்கும் இடம்தான் வேறு.

இப்போது உங்கள் பயிற்சிக்கு வருகிறேன். உங்களுக்கு என்ன சொல்லித் தந்திருப்பார்கள் என்று ஓரளவு ஊகிக்க முடியும். பத்து நிமிடப் பாடம் எடுக்கச் சொல்லி வீடியோ எடுத்திருப்பார்கள். பாடத்தின் நோக்கத்தை எழுதச் சொல்லியிருப்பார்கள். கேள்வி கேட்டுவிட்டுக் காத்திருக்கச் சொல்லியிருப்பார்கள். 1970களில் மேரி பட் ரோ என்ற ஆய்வாளர் அமெரிக்கப் பள்ளிகளின் அறிவியல் வகுப்புகளில் அளந்து பார்த்தார். ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டுச் சராசரியாக ஒரு வினாடிதான் பொறுக்கிறார்கள், மூன்று வினாடி பொறுத்தாலே பதில்கள் நீளமாகவும் அதிகமாகவும் வருகின்றன என்று கண்டார். அது உங்கள் பயிற்சியில் கட்டாயம் வந்திருக்கும். அப்புறம், தனியாக யோசி, பக்கத்தில் இருப்பவரோடு பேசு, வகுப்புக்குச் சொல் என்ற மூன்று படி. நடுவில் ஒருமுறை மாணவர்களிடம் கருத்துக் கேட்பது. இதை நீங்கள் இங்கேயும் செய்திருக்கிறீர்கள். அதற்கே உங்களைப் பாராட்ட வேண்டும். இருபது வருடம் வகுப்பெடுத்தும் ஒருமுறைகூட நடுவில் கேட்காதவர்களை எனக்குத் தெரியும்.

இவற்றில் எதுவும் தப்பில்லை. ஆனால் ஒரு கற்பித்தல் முறையில் பாதிதான் ஆசிரியர் கையில் இருக்கிறது. மீதிப் பாதியை மாணவர்கள் ஏற்கெனவே பழகி வந்திருக்க வேண்டும். பயிற்சி கொடுப்பவர்கள் அந்த இரண்டாம் பாதியைச் சொல்லித் தருவதில்லை, ஏனென்றால் அவர்கள் ஊரில் அது தானாக நடக்கிறது. மீனுக்குத் தண்ணீரைப் பற்றிப் பாடம் எடுக்க வேண்டியதில்லை அல்லவா?

டேன் லோர்ட்டி என்ற சமூகவியலாளர் 1975ல் ஒன்று சொன்னார். பள்ளிப் படிப்பை முடிக்கும் ஒரு மாணவர் அதற்குள் சுமார் 13,000 மணி நேரம் ஆசிரியர்களைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறார், அதனால்தான் ஆசிரியராகும்போது பார்த்தபடியே நடத்துகிறார் என்று. பயிற்சி வகுப்புகளில் இதை ஆசிரியரைத் திருத்துவதற்காகச் சொல்வார்கள்: திருச்சியில் பார்த்த விரிவுரையாளர் உங்களுக்குள் உட்கார்ந்திருக்கிறார், கவனம் என்று. நான் அதைத் திருப்பிப் பார்க்கச் சொல்வேன். உங்கள் இருபத்து நான்கு பேரும் அதே மாதிரி ஆயிரக்கணக்கான மணி நேரம் பயின்று வந்தவர்கள்தான். எப்போது வாயைத் திறப்பது, எப்போது திறந்தால் பைசே (இந்த ஊர்ப் பேச்சில் கூச்சம், வெட்கம்), எந்தக் கேள்வியை டெலிகிராம் குழுவில் கேட்பது, எதை ஆசிரியரிடம் தனியாகக் கேட்பது என்பதெல்லாம் அவர்களுக்கு அத்துப்படி. அவர்கள் பெற்ற அந்தப் பயிற்சி உங்களுடையதைவிட நீளமானது.

'ஆசிய மாணவர்கள் பேச மாட்டார்கள்' என்று உங்கள் சகா அடுத்ததாகச் சொல்வார். நம்பாதீர்கள். சிங்கப்பூர் நிர்வாகப் பல்கலைக்கழகம் 2000ல் தொடங்கியபோது அமெரிக்காவின் வார்ட்டன் வணிகப் பள்ளியை மாதிரியாக வைத்துக்கொண்டு, சின்னச் சின்னக் கருத்தரங்கு வகுப்புகளாகவே பாடத்தை அமைத்தார்கள். வகுப்பில் பேசுவதற்கு மதிப்பெண் உண்டு. இதே தொடக்கக் கல்லூரிகளில் (பல்கலைக்கழகத்துக்கு முந்தைய ஜூனியர் காலேஜ்) படித்த பிள்ளைகள்தான் அங்கேயும் போகிறார்கள். அங்கே பேசுகிறார்கள். சில வகுப்புகளில் பேச்சை நிறுத்துவதுதான் பாடு என்று அங்கே எடுப்பவர்கள் சொல்வார்கள். அந்தப் பிள்ளைகளின் குணம் மாறவில்லை. மாறியதெல்லாம் இடமும், வகுப்பின் அளவும், பேசினால் என்ன கிடைக்கும் என்ற கணக்கும்தான்.

ஆகவே உங்கள் வேலை, அங்கே தானாக நடந்த அந்த இரண்டாம் பாதி எது என்று ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்து, இங்கே அதைக் கையால் செய்து வைப்பது. கொஞ்சம் அலுப்பான வேலைதான்.

ஓர் உதாரணம். ஹார்வர்டில் எரிக் மசூர் என்ற இயற்பியல் பேராசிரியர் 1990களின் தொடக்கத்திலிருந்து நடத்திய முறை உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஒரு கருத்துக் கேள்வியைப் போடுவார். ஒவ்வொருவரும் தனியாக, யாரிடமும் பேசாமல் விடையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். சரியான விடை சொன்னவர்கள் ஏறக்குறைய முப்பது முதல் எழுபது சதவீதத்துக்குள் இருந்தால், பக்கத்தில் இருப்பவரை உங்கள் விடைக்கு இழுங்கள் என்பார். இரண்டு நிமிடம் கழித்து மறுபடி வாக்கெடுப்பு. உங்கள் கடிதத்தில் 'பக்கத்தில் இருப்பவரிடம் பேசுங்கள்' என்பது மட்டும்தான் இருக்கிறது. முதல் படி எங்கே போயிற்று?

அமெரிக்காவில் அந்த முதல் படியை நீங்கள் விட்டிருந்தாலும் வகுப்பு ஓடியிருக்கும், ஏனென்றால் அரைகுறையாகத் தோன்றியதையும் உரக்கச் சொல்லிப் பார்ப்பது அந்தப் பிள்ளைகளுக்குச் சின்ன வயதிலிருந்தே பழக்கம். இங்கே முதல் படிதான் உயிர். கையில் ஒரு விடை இல்லாமல் இவர்கள் பேச்சைத் தொடங்க மாட்டார்கள். ஆகவே எழுத வையுங்கள். கால் தாள் கொடுங்கள், அல்லது கைத்தொலைபேசியில் பெயர் இல்லாமல் வாக்களிக்க விடுங்கள். இரண்டு நிமிடம் சுத்தமான அமைதி. மூன்று வினாடி எல்லாம் இங்கே போதாது. பிறகு திரையில் விடைகள் எப்படிப் பிரிந்திருக்கின்றன என்று காட்டுங்கள். பத்துப் பேர் ஒரு விடை, பதினான்கு பேர் இன்னொன்று என்று வந்தால், தப்பாக இருந்தாலும் தன்னோடு ஒன்பது பேர் இருக்கிறார்கள் என்று தெரிந்த பிள்ளை வாயைத் திறக்கும். தனியாக முந்திரிக்கொட்டை மாதிரி முந்திக்கொள்வதுதான் இங்கே கூச்சம். கூட்டத்தோடு தப்புச் செய்ய யாருக்கும் கூச்சமில்லை!

இதைவிடப் பெரிய விஷயம் உங்கள் பயிற்சித் தாள்கள். நீங்கள் சொல்லவில்லை, ஆனாலும் கேட்கிறேன். கணக்குகளில் பேஸ்பால் இருக்கிறதா? அமெரிக்காவிலிருந்து வரும் புள்ளியியல் ஆசிரியர்கள் நான் பார்த்தவரை எல்லோரும் பேஸ்பாலைக் கொண்டுவருகிறார்கள். அடிப்பவரின் சராசரி, பாரன்ஹீட்டில் வெப்பநிலை, அங்குலத்தில் உயரம். சில வருடங்களுக்கு முன் ஓர் இளம் விரிவுரையாளரின் வகுப்பில் பின் வரிசையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். கணக்கு பேஸ்பால் கணக்கு. எனக்கு முன்னால் இருந்த பையன் 'இன்னிங்ஸ்' என்றால் என்ன என்று லேப்டாப்பில் தேடினான். அவனுக்குப் புள்ளியியல் தெரியாமல் இல்லை. ஆனால் கேள்வியின் வாசலிலேயே நின்றுவிட்டான். கேட்கவும் மாட்டான், ஏனென்றால் மற்ற எல்லோருக்கும் தெரிந்திருக்கும் என்று அவன் நினைத்துக்கொண்டான். மற்ற எல்லோரும் அதையேதான் நினைத்தார்கள்.

உங்களுக்கு இந்த ஊர் ஒரு பொக்கிஷம் வைத்திருக்கிறது. நீங்கள் புதிது என்பதால் தெரிந்திருக்காது. இப்போது உங்கள் வகுப்பில் இருக்கும் உள்ளூர்ப் பிள்ளைகள் பன்னிரண்டு வயதில் பிஎஸ்எல்இ எழுதினார்கள், தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு. 2021ல் மதிப்பெண்ணை நிலைகளாகப் பிரிக்கும் அடைவுநிலை முறை வரும்வரை அதில் டி-ஸ்கோர் என்று ஒன்று கொடுப்பார்கள். அது என்ன தெரியுமா? ஒரு பாடத்தில் மாணவர் வாங்கிய மதிப்பெண்ணிலிருந்து எல்லோருடைய சராசரியையும் கழித்து, திட்ட விலக்கத்தால் (மதிப்பெண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறியிருக்கின்றன என்ற அளவு) வகுத்து, பத்தால் பெருக்கி, ஐம்பதைக் கூட்ட வேண்டும். நான்கு பாடத்துக்கும் இப்படிச் செய்து கூட்டினால் மொத்த டி-ஸ்கோர். சரியாகச் சராசரியில் இருப்பவருக்கு 200 வரும். அதாவது, நீங்கள் மூன்றாம் வாரம் ஸ்லைடு போட்டு விளக்கிய அந்தத் தரப்படுத்திய மதிப்பைத்தான் இந்தத் தீவில் ஒரு தலைமுறையே பயந்துகொண்டு வீட்டுக்கு எடுத்துப் போனது. அந்த எண் இன்றைக்கும் அவர்களுக்கு மனப்பாடம்.

இப்படி ஒரு கணக்குப் போடுங்கள். ஒரு பையன் கணிதத்திலும் 75, தாய்மொழியிலும் 75. கணிதத்தில் சராசரி 68, திட்ட விலக்கம் 14 என்று வைத்துக்கொள்ளுங்கள். டி-ஸ்கோர் 55. தாய்மொழியில் சராசரி 80, திட்ட விலக்கம் 10. டி-ஸ்கோர் 45. இரண்டிலும் ஒரே மதிப்பெண், ஆனால் ஒன்றுக்குத் தட்டிக்கொடுத்தார்கள், இன்னொன்றுக்குத் திட்டினார்கள். ஏன்? இது வார்ம்-அப்.

அடுத்தது வாக்கெடுப்புக் கேள்வி. எல்லா அம்மா அப்பாவும் பிள்ளைகளை டியூஷனுக்கு அனுப்பினார்கள், எல்லோருடைய மதிப்பெண்ணும் சரியாக ஐந்து கூடிற்று. உன் டி-ஸ்கோர் கூடுமா, குறையுமா, அப்படியே இருக்குமா? தனியாக எழுதட்டும். விடை அப்படியே இருக்கும் என்பதுதான், சராசரியும் ஐந்து கூடிவிடுமே. ஆனால் பலருக்கும் முதலில் கை கூடும் பக்கம்தான் போகும். அதைப் பார்த்துவிட்டு உண்மை புரியும்போது அந்த வகுப்பு போடும் சத்தத்தை நான் நேரில் கேட்டிருக்கிறேன். சனிக்கிழமை காலை முழுக்க டியூஷன் சென்டரில் கழித்த பிள்ளைகள் அல்லவா!

இதில் இன்னொரு லாபமும் இருக்கிறது. வகுப்பில் சீனாவிலிருந்து, வியட்நாமிலிருந்து, இந்தியாவிலிருந்து வந்த பிள்ளைகள் இருப்பார்கள். அவர்களுக்கு டி-ஸ்கோர் தெரியாது. 'தெரிந்தவர்கள் தெரியாதவர்களுக்குச் சொல்லுங்கள்' என்றால், இருவர் பேசிக்கொள்ள உண்மையான காரணம் ஒன்று கிடைக்கிறது. நீங்கள் கேட்ட இரண்டு நிமிட முனகலில் அந்தக் காரணம் இல்லை. ஒருவருக்கும் தெரியாததை இருவரும் சேர்ந்து 'விவாதிக்க' வேண்டியிருந்தது.

ஒரே ஒரு எச்சரிக்கை. யாரையும் அவரவர் டி-ஸ்கோரைச் சொல்லச் சொல்லாதீர்கள், விளையாட்டுக்குக்கூட. அது பன்னிரண்டு வயதுக் காயம், சிலருக்கு இன்னும் ஆறவில்லை.

உங்கள் முன்னால் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதையும் கொஞ்சம் பாருங்கள். முதலாம் ஆண்டில் இருக்கும் உள்ளூர்ப் பையன்கள் பெரும்பாலும் இரண்டு வருடம் தேசிய சேவை, அதாவது கட்டாய ராணுவ சேவை போன்றது, முடித்து வந்தவர்கள். பெண்களைவிட இரண்டு வயது மூத்தவர்கள். கணக்கைத் தொட்டு இரண்டு வருடமாகியிருக்கும். அதை ஒப்புக்கொள்ள அவர்களுக்கு வெட்கம். இன்னொரு பக்கம், பலதுறைத் தொழிற்கல்லூரியிலிருந்து வந்தவர்கள் இருப்பார்கள். குழுவாகத் திட்டப்பணி செய்வதும் எழுந்து நின்று பேசுவதும் அவர்களுக்குச் சர்வ சாதாரணம், ஆனால் தேர்வுக் கணக்கில் தொடக்கக் கல்லூரிப் பிள்ளைகள் தங்களை மிஞ்சிவிடுவார்கள் என்ற உதறல் இருக்கும். மூன்று பேர் கொண்ட குழுவாகப் பிரிக்கும்போது இவர்களைக் கலந்து உட்கார வையுங்கள். அவர்களாக உட்கார்ந்தால் நண்பர்களோடுதான் உட்காருவார்கள், முதல் வாரம் பிடித்த இடம் கடைசி வாரம்வரை அவர்களுடையது. உணவங்காடியில் டிஷ்யூ பாக்கெட் வைத்து இடம் பிடிக்கும் ஊர் இது.

விடைகளைப் பற்றி. இங்கே நீங்கள் விட்டுக்கொடுக்க வேண்டும். மாணவர்களே கண்டுபிடிக்கட்டும், விடைத்தாள் தர வேண்டாம் என்று உங்களுக்குச் சொல்லித் தந்திருப்பார்கள். அங்கே சரி. இங்கே நீங்கள் கொடுக்காவிட்டால் போன வருட மாணவர் எழுதிய விடை, பாதி தப்போடு, டெலிகிராமில் சுற்றும். மற்றவர்களோடு ஒப்பிட்டுத் தரம் போடும் பெல் கர்வ் பற்றிய பயம் வேறு எல்லோருக்கும் உண்டு, உண்மையில் அப்படி மதிப்பெண் போடுகிறீர்களோ இல்லையோ. என் யோசனை: வெள்ளிக்கிழமை மாலை விடைகளைப் போடுவேன் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள், சொன்ன நேரத்தில் போடுங்கள். விடை எப்படியும் வரும் என்று தெரிந்துவிட்டால் வகுப்பில் 'விடை எங்கே' என்ற பதற்றம் அடங்கும். அப்புறம்தான் யோசிக்கவே இடம் கிடைக்கும். இதை நான் ரொம்ப நாள் எதிர்த்தேன், தோற்றேன், தோற்றதில் வருத்தமில்லை.

பெயர் விஷயத்தை விடுங்கள். 'புரொஃப்' என்பது இங்கே நேற்றுச் சேர்ந்தவரையும் நாற்பது வருடப் பேராசிரியரையும் கூப்பிடும் சொல். விலகி நிற்கிறார்கள் என்று அர்த்தமில்லை. பெயர் சொல்லச் சொல்லி வற்புறுத்தினால் அவர்கள் உங்களைக் கூப்பிடவே தயங்குவார்கள். தமிழ்ப் பிள்ளை யாராவது வகுப்புக்கு வெளியே 'அக்கா' என்றால் மட்டும் கொஞ்சம் சிரித்துக்கொள்ளுங்கள். அந்தப் பிள்ளையோடு வெளியே தமிழில் தாராளமாகப் பேசலாம். வகுப்புக்குள் வேண்டாம், மற்றவர்கள் தங்களுக்குக் கிடைக்காத எதையோ அவர் வாங்கிவிட்டதாக நினைப்பார்கள்.

உச்சரிப்பு. அமெரிக்காவில் வெளிநாட்டு டீச்சிங் அசிஸ்டென்ட்களின் ஆங்கிலத்தைப் பற்றிப் புகார் எழுந்து, 1980களில் சில மாநிலங்கள் ஆங்கிலத் தகுதிக்குச் சட்டமே போட்டன. அதன் நிழலில்தான் நீங்கள் 'ஆர்'ஐ உருட்டப் பழகியிருக்கிறீர்கள். அதில் ஒளிந்திருக்கும் நல்ல பாதியை வைத்துக்கொள்ளுங்கள்: முக்கியமான சொல்லை அழுத்துவது, ஒரு கருத்து முடிந்ததும் நிறுத்துவது, புதுச் சொல்லைப் பலகையில் எழுதிவிட்டுச் சொல்வது. உருட்டலை விட்டுவிடலாம். இந்தப் பிள்ளைகள் ஷாங்ஹாய் ஆங்கிலம், பெர்லின் ஆங்கிலம், சென்னை ஆங்கிலம் எல்லாவற்றையும் ஒரே நாளில் கேட்பவர்கள். உங்கள் திருச்சி ஆங்கிலம் அவர்களை ஒன்றும் செய்யாது. நடிப்பு என்று நினைக்கிறார்களா என்பது எனக்குத் தெரியாது. உங்களுக்கே அப்படித் தோன்றுகிறது என்றால் அது களைப்பு. வாரம் பன்னிரண்டு மணி நேரம் வேறொருவர் குரலில் பேசினால் யாருக்கும் களைப்பு வரும்.

உங்கள் மூத்த சகா கெட்டவர் இல்லை. ஆராய்ச்சிக் கட்டுரையை எண்ணுவார்கள், வகுப்பை எண்ண மாட்டார்கள் என்று அவர் அனுபவத்தில் கண்டதைச் சொல்கிறார். ஆனால் உங்கள் ஒப்பந்தத்தை ஒருமுறை எடுத்துப் படித்துப் பாருங்கள். நீங்கள் விரிவுரையாளராகச் சேர்ந்திருக்கிறீர்கள். கற்பித்தலை முதன்மையாகக் கொண்ட பதவி என்றால் மாணவர் கருத்தும், சக ஆசிரியர்கள் உங்கள் வகுப்பில் வந்து உட்கார்ந்து எழுதும் மதிப்பீடும்தான் உங்கள் பதவி உயர்வைத் தீர்மானிக்கும். அவருக்கு நல்லதாக இருக்கும் அறிவுரை உங்களுக்கு ஆபத்தாக இருக்கலாம். சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்திலும் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்திலும் கற்பித்தலை மேம்படுத்தவே தனிப் பிரிவுகள் இருக்கின்றன. உங்கள் பல்கலைக்கழகத்திலும் அப்படி ஒன்று இருக்கிறதா என்று விசாரியுங்கள். இருந்தால், புதியவர்களுக்கான வகுப்பில் சேருங்கள். 'எனக்குத்தான் அமெரிக்கச் சான்றிதழ் இருக்கிறதே' என்று ஒதுங்காதீர்கள். அங்கே பாடத்திட்டத்தில் என்ன சொல்வார்கள் என்பது முக்கியமில்லை. தேநீர் இடைவேளையில், போன வருடம் இதே வாரத்தில் உங்கள் நிலையில் இருந்த இரண்டு பேர் கிடைப்பார்கள்.

இப்போது உங்களுக்கு இடைவிடுமுறை வாரம். மாணவர்கள் எழுதிய கருத்துகளுக்குப் பதில் சொல்ல ஏழாம் வார வகுப்பின் முதல் ஐந்து நிமிடத்தை ஒதுக்குங்கள். இதுவும் உங்கள் பயிற்சியில் சொன்னதுதான், ஆனால் பலர் கருத்தை வாங்குவார்கள், பதில் சொல்ல மாட்டார்கள். "கலந்துரையாடல் போதும் என்றீர்கள். குறைக்கிறேன், ஒரு வகுப்புக்கு ஒன்றுதான். அதற்கு முன் இரண்டு நிமிடம் தனியாக எழுதுவீர்கள். விடைகள் வெள்ளிக்கிழமை ஆறு மணிக்கு." இவ்வளவுதான், மன்னிப்பு வேண்டாம், விளக்கம் வேண்டாம்.

அப்புறம் அந்த வரிசை. வகுப்பு முடிந்து யார் மேசைக்கு வந்தாலும் பதில் சொல்வதற்கு முன், "உன் கேள்வியை இந்தத் தாளில் எழுதிக் கொடுக்கிறாயா? பெயர் வேண்டாம்" என்று கேளுங்கள். பதிலும் சொல்லிவிடுங்கள், அவர்களைத் திருப்பி அனுப்ப வேண்டாம். அடுத்த வாரம் வகுப்பை அந்தத் தாளோடு தொடங்குங்கள்: "போன வாரம் ஒருவர் அருமையான கேள்வி ஒன்று கேட்டார்." கேட்டவர் தலையைத் தூக்க மாட்டார், ஆனால் காது சிவக்கும். நான் செய்து பார்த்ததில் முதல் மூன்று வாரம் ஒன்றும் நடக்கவில்லை. நான்காம் வாரம், தன் கேள்வி திரையில் வந்ததைப் பார்த்த ஒரு பெண் கையைத் தூக்கி, "புரொஃப், நான் அப்படிக் கேட்கவில்லை" என்று திருத்தினாள். அந்த வகுப்பில் தானாக உயர்ந்த முதல் கை அதுதான்.

கடைசியாக ஒரு சின்ன ஏற்பாடு. உங்கள் டியூட்டோரியல் அறையில் அடுத்த வகுப்பு உடனே இருக்கும். வரிசை உள்ளே நின்றால் வெளியே காத்திருப்பவர் கடிகாரத்தைப் பார்ப்பார். தாழ்வாரத்தில் எங்கே பெஞ்ச் இருக்கிறது என்று இந்த வாரமே போய்ப் பார்த்து வையுங்கள். மாணவர்களிடம், "பத்து நிமிடம் அங்கேதான் இருப்பேன்" என்று இடத்தைக் காட்டிச் சொல்லுங்கள். முடிந்தால் ப்ளக் பாயிண்ட் இருக்கும் பெஞ்ச்சாகப் பாருங்கள், அவர்கள் லேப்டாப்பில் எப்போதும் சார்ஜ் இருக்காது.

அன்புடன்,
உங்கள் அக்கா